எல்க்கின் பின்னங்கால்

நான் கமராவைத் தூக்கியது ஐம்பத்திரண்டாவது வயதில். அதற்கு முன்னர் மகளின் பிறந்தநாட்களுக்கும், தேவாலயத்தில் அவள் முதல் நன்மை எடுத்த அன்றும் படம் எடுத்ததோடு சரி. அதிலும் பாதிப் படங்களில் தலைகள் வெட்டுப்பட்டிருக்கும்.

அந்த வருடம் நோர்வேயில், ஹொல்ம்லியாவில் இருந்த எங்கள் வீட்டில் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். முதலில் கணவர் போனார். நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. பேச்சு வற்றிப்போய், ஒருநாள் அவர் லண்டனில் இருக்கும் தம்பியோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார், நான் சரி என்றேன். பிறகு மகள் தாதிப் படிப்பை முடித்து வடக்கே துரொம்சோவில் வேலை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று அறை வீட்டில் நான் மிஞ்சினேன்.

தமிழ் ஆட்கள் ஒருவரும் என்னைக் கோபிக்கவில்லை. அழைப்புகள்தான் வராமல் நின்றன. கல்யாண வீட்டில் என்னை எந்த மேசையில் இருத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஞாயிறு பூசைக்குப் போனால் எல்லோரும் சுகம் விசாரிப்பார்கள், மகளைப் பற்றிக் கேட்பார்கள், அதற்குள் பஸ் வந்துவிடும்.

எனக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும். காலை முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. ஒருநாள் மகளின் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது அவள் விட்டுவிட்டுப் போன கமரா அகப்பட்டது. பற்றரியை ஏற்றி, பல்கனிக் கம்பியில் வந்திருந்த ஒரு சிறு குருவியை எடுத்தேன். மஞ்சள் வயிறு, நீலத் தொப்பி. படத்தில் குருவி இல்லை, கம்பிதான் இருந்தது. மறுநாளும் எடுத்தேன். நாலாம் நாள் வாலும் ஒரு காலும் அகப்பட்டன. ஏதோ பரீட்சையில் சித்தியடைந்ததுபோல அன்று தனியாக நின்று சிரித்தேன்.

அப்படித்தான் வெளியே போகத் தொடங்கினேன். ஏப்ரலில் ஓஸ்தென்ஷோ ஏரியில் ஐஸ் உடையும்போது அதன் விளிம்பிலே கொண்டை வைத்த முக்குளிப்பான்கள் சோடி சோடியாக வந்து, ஒன்றையொன்று பார்த்துத் தலையை ஆட்டும். ஒன்று ஆட்டினால் மற்றது ஆட்டும். ஒருமணி நேரம் நின்று பார்த்தாலும் அலுக்காது. ஜூனில் இரவே வராத மாதிரி வெளிச்சம். காடு பச்சைக் கடலாகி, பறவைகள் எல்லாம் சத்தமாக மட்டும் இருக்கும், கண்ணில் படாது. செப்டம்பரில் பேர்ச் மரத்து இலைகள் மஞ்சளாகும்போது தலைக்கு மேலே வாத்துக் கூட்டங்கள் தெற்கே போகும். ஒக்டோபர் முடிவில் தொடர்மாடிகளுக்கு இடையே நிற்கும் மரங்களில் சிவப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்க, பட்டுவால் பறவைகள் நூறு இருநூறாக இறங்கி ஒரு காலையிலேயே மரத்தை மொட்டையாக்கிவிட்டுப் போகும்.

பறவைகளின் பெயர்களை நோர்வேஜிய மொழியிலேயே படித்தேன். படித்தவற்றைச் சொல்லிப் பார்க்க ஆள் இல்லை. ஒரு நாளில் என் குரலை நான் முதன்முதல் கேட்பது, மூன்று மணிக்குச் சமையலறைக் கதவைத் திறந்து "ஹெய்" என்று சொல்லும்போதுதான். சில நாட்களில் அந்தச் சொல் தொண்டையில் கரகரத்து வரும். சளியோ என்று கேட்பார்கள்.

எல்க் வந்தது மறு வருடம் ஜனவரியில்.

எங்கள் தொடர்மாடிகளுக்குப் பின்னால் ஒரு சிறிய ஏரியும், அதைத் தாண்டி ஒரு சரிவும் இருக்கின்றன. சரிவுக்கு அப்பால் காடு தொடங்குகிறது. அங்கே எல்க் வருவது புதினமில்லை. மாட்டைவிட உயரமான மான் அது. நீண்ட மூக்கும் மெல்லிய கால்களுமாக, அவசர அவசரமாகச் செய்து முடித்த பிராணிபோல இருக்கும். ஆனால் வந்தால் நிற்காது. நாய் ஒன்று குரைத்தாலே ஒரு நிமிடத்தில் மரங்களுக்குள் மறைந்துவிடும். அதுவரை எனக்கு அகப்பட்டவை அதன் பின்புறங்கள் மட்டும்தான்.

இது நின்றது. கொம்பில்லாத பெண் எல்க். முழங்கால் அளவு பனியில், இளம் அஸ்ப் மரங்களுக்கு நடுவே நின்று பட்டையை உரித்துக்கொண்டிருந்தது. நான் அறுபது மீற்றரில் நின்றேன். பிறகு நாற்பது. அது காதைத் திருப்பி என்னைப் பார்த்தது, திரும்பவும் பட்டையைக் கடித்தது. மறுநாள் போனேன், அங்கேதான் நின்றது. அதற்கு அடுத்த நாளும்.

ஜனவரியில் ஒன்பது மணியளவில்தான் சூரியன் வரும். அதற்கு முந்திய அரைமணி நேரம் பனி முழுவதும் நீலமாக இருக்கும். அந்த நீலத்துக்குள் கறுப்பாக நிற்கும் எல்க்கை எடுப்பதற்காக எட்டேகாலுக்கே வீட்டைவிட்டு வெளிக்கிட்டேன். கையுறைக்குள் கையுறை. சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீர். சரிவை அடைந்ததும் முதலில் அது நிற்கிறதா என்று பார்ப்பேன். நிற்கும். அப்போது நெஞ்சுக்குள் ஏதோ இளகும். என்னை ஒருவர் எதிர்பார்த்து நிற்கிறார் என்ற நினைப்பு எனக்கு வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அதோடு கதைக்கவும் தொடங்கினேன். தமிழில்தான். இன்றைக்குக் குளிர் கூட என்பேன், பஸ் பிந்தியது என்பேன். மூன்றாவது கிழமையில் இருபது மீற்றர் வரை போனேன். படுத்திருந்தால் தலையைத் தூக்கும், எழும்பாது. என்னோடு பழகிவிட்டது என்று எண்ணினேன். மகளுக்கு எழுதிய செய்தியில் "அது என்னை நம்புது" என்றே எழுதினேன்.

என் படங்களில் ஒன்றைக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டேன். நீலப் பனி, எல்க் நேராகக் கமராவைப் பார்க்கிறது, மூச்சு புகையாக நிற்கிறது. அதற்கு முன் நான் போட்ட பறவைகளுக்கு இரண்டு மூன்று பெருவிரல்கள்தான் வரும். இதற்கு எல்லோரும் எழுதினார்கள். என் அக்கா அத்தானோடு லோறென்ஸ்கூக்கில் புதிதாக வீடு வாங்கியிருந்தாள். அந்தப் படத்தைப் பெரிதாக அடித்துத் தன் வரவேற்பறைச் சுவரில் மாட்டப்போவதாக எழுதினாள்.

ஞாயிறு பின்னேரம் அச்சுக்கு அனுப்புவதற்காகப் படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். பனியில் குப்பை கிப்பை இருக்கிறதா என்று ஓரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் இடது பின்னங்காலைக் கண்டேன். முழங்காலுக்குக் கீழே மற்றக் காலைவிட இரண்டு மடங்கு தடிப்பு. மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. குளம்பின் நுனி மட்டும் பனியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மற்றப் படங்களையும் திறந்தேன். ஒவ்வொன்றிலும் அந்தக் கால் அப்படியே இருந்தது. முதல் நாள் முதல் படத்திலும் இருந்தது. நாட்கள் போகப் போக விலா எலும்புகள் தெரிந்தன. உரித்த மரங்களை எண்ணிப் பார்த்தால், எல்லாம் ஒரு சிறிய வட்டத்துக்குள். அதைத் தாண்டி அது போகவே இல்லை.

எனக்கு வேலை என்னவென்று சொன்னேன். சாப்பாட்டு மண்டபத்திலிருந்து திரும்பி வரும் தட்டுகளைப் பார்த்தே யாருக்கு உடம்பு சரியில்லை என்று தாதிகளுக்கு முதலில் சொல்கிறவள் நான். உருளைக்கிழங்கு மிஞ்சியதா, கரண்டி எந்தப் பக்கம் கிடக்கிறது, எல்லாம் என் கண்ணில் படும். மூன்று கிழமைகள் ஒவ்வொரு நாளும் பார்த்த ஒரு பிராணியின் காலை நான் பார்க்கவில்லை. வெளிச்சத்தைத்தான் பார்த்தேன்.

காயப்பட்ட காட்டுப் பிராணியைக் கண்டால் கூப்பிடுவதற்கு ஓர் இலக்கம் இருக்கிறது. காட்டுப் பாதையின் தொடக்கத்தில் பலகையில் எழுதியிருக்கிறது. கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். எல்க்குக்கு மருந்து கட்டி விடுவதில்லை.

திங்கட்கிழமை கூப்பிடவில்லை. சரிவுக்குப் போனேன். அது படுத்திருந்தது. கமராவை வெளியே எடுக்காமல் ஒருமணி நேரம் நின்றேன். ஒருவேளை தானாக மாறிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை போய் அந்தக் காலை மட்டும் பெரிதாக எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அன்றும் கூப்பிடவில்லை. அது அங்கே நிற்காத ஒரு காலை நேரத்தை நான் நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். அதற்கு நோகிறது என்பதை அறிந்துகொண்டே இரண்டு நாட்கள் அதை வைத்திருந்தேன்.

புதன்கிழமை ஒரு கறுப்பு வெள்ளை மக்பைப் பறவை அதன் முதுகில் ஏறி நின்று கொத்தியது. எல்க் தலையைக்கூடத் திருப்பவில்லை. அங்கேயே நின்று கூப்பிட்டேன்.

ஒன்றரை மணி நேரத்தில் கொம்மூன என்கிற நகரசபையின் வனவிலங்குக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். செம்மஞ்சள் ஜக்கெற், பனியில் நடந்து பழகிய நடை. நாயை வாகனத்துக்குள்ளேயே விட்டுவிட்டு வந்து, துப்பாக்கியை எடுக்காமல் முதலில் எனக்குக் கை தந்தாள். எங்கே படுத்திருக்கிறது, எந்தக் கால் என்று கேட்டாள். நான் கமராவைக் கொடுத்தேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"வாகனம் மோதியிருக்கும். மூன்று, நான்கு கிழமை இருக்கும்," என்றாள்.

நான் இவ்வளவு கிட்டப் போயும் அது ஓடவில்லை, என்னோடு பழகிவிட்டது என்று நினைத்தேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். குரலில் கடுமை இருக்கவில்லை.

"அதால் ஓட முடியாது. அதனால்தான் நின்றது."

பிறகு, எப்போது கவனித்தாய் என்று கேட்டாள்.

"இன்றைக்குத்தான்," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கமராவைத் திருப்பித் தந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னாள், அல்லது வாகனத்துக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். நான் வாகனத்துக்குப் பின்னால் நின்றேன். உள்ளே நாய் முனகியது. ஒரு வெடி கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை. வெடிச் சத்தம், ஊரில் யுத்தத்துக்குள் வளர்ந்த என் வயதுக்காரருக்குப் புதிதல்ல. நானே கூப்பிட்டு வரவழைத்த வெடி அதுதான் முதல் தடவை.

மூன்று மணிக்கு வேலைக்குப் போனேன். அன்று மீன் நாள். எல்லாத் தட்டுகளும் வெறுமையாகத் திரும்பி வந்தன.

இரண்டு கிழமைக்குப் பிறகு அக்கா கூப்பிட்டாள் என்று லோறென்ஸ்கூக்குக்குப் போனேன். வரவேற்பறைச் சுவரில் பென்சிலால் நாலு மூலையும் குறித்து வைத்திருந்தாள். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுச் சுவரைக் காட்டினாள்.

"அந்தப் படம்தான் இதிலை வேணும். அளவும் எடுத்திட்டன்."

"அது வேண்டாமக்கா. வேறை ஒண்டு தாறன்."

"ஏன்? எவ்வளவு வடிவா எங்களையே பாத்துக்கொண்டு நிக்குது."

"அது நிக்கேல்லை அக்கா. போகேலாமல் நிண்டது."

சொல்லத் தொடங்கியதும் முழுவதையும் சொன்னேன். காலைப் பற்றி, திங்களையும் செவ்வாயையும் பற்றி, அந்தப் பெண்ணுக்குப் பொய் சொன்னதைப் பற்றி. அக்கா பென்சில் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைவிடப் பெரிதாகச் சொல்கிறேனோ என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு மானுக்காக இவ்வளவா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த ரெண்டு நாளும் ஒருத்தருக்கும் சொல்லாமலோ இருந்தனீ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"எனக்கு ஒருக்கா போன் அடிச்சிருக்கலாம்."

"அடிச்சு என்னத்தைச் சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாட்டிலும் பரவாயில்லை," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் எடுக்கிறேல்லைத்தான். உன்ரை அவர் போனாப் பிறகு உன்னோடை என்னத்தைக் கதைக்கிறதெண்டு தெரியேல்லை," என்றாள்.

அதைச் சொன்னதற்காக அவளை எனக்குப் பிடித்தது. நாங்கள் அழவில்லை. அவள் அழிரப்பரைக் கொண்டுவந்து பென்சில் கோடுகளை அழித்தாள். இப்போது அந்தச் சுவரில் ஒரு பெரிய மணிக்கூடு இருக்கிறது. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் பதினொரு மணியளவில் எனக்கு அடிப்பாள். பெரும்பாலும் நான் காட்டிலோ ஏரிக்கரையிலோ நிற்பேன், மெல்லிய குரலில் கதைக்க வேண்டியிருக்கும். அவளும் தன் வீட்டுக்குள் இருந்துகொண்டு குசுகுசுப்பாள். ஐந்து நிமிடத்துக்குமேல் எங்களுக்குக் கதை இருக்காது.

நான் எல்க்கின் படங்களை அழிக்கவில்லை. ஒருவருக்கும் காட்டுவதுமில்லை.

அந்த வசந்தத்தில் எனக்குப் பயம் பிடித்திருந்தது. எந்தப் பறவையைக் கண்டாலும் முதலில் காலைப் பார்த்தேன், சிறகைப் பார்த்தேன், படம் எடுக்க மறந்தேன். மே மாதம் ஓஸ்தென்ஷோ ஏரிக்கரையில் ஒரு சாம்பல் வாத்து புல்லில் ஒற்றைக் காலில் நின்றது. அரைமணி நேரம் மற்றக் காலைக் கீழே வைக்கவே இல்லை. நான் உடனேயே அந்த இலக்கத்துக்கு அடித்தேன். இந்தமுறை ஒரு நிமிடமும் பிந்தக்கூடாது என்று மூச்சிரைக்க விளங்கப்படுத்தினேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாத்துகள் ஆறுதலாக இருக்கும்போது அப்படித்தான் நிற்கும் என்றார். நான் நன்றி சொல்லித் திரும்பியபோது வாத்து இரண்டு கால்களாலும் நடந்து தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். பின்புறம்தான் அகப்பட்டது.

ஓகஸ்டில், எல்க்கைச் சுட வந்த அந்தப் பெண்ணைத் திரும்பவும் கண்டேன். ஹொல்ம்லியாவிலிருந்து கீழே இறங்கினால் கடல் நீர் உள்ளே வரும் குடா ஒன்று இருக்கிறது, குளிக்கிற இடம். சனம் வருவதற்கு முன்னர் காலையில் ஈடர் வாத்துகள் குஞ்சுகளோடு பாறை ஓரமாக வரும். நான் பாறையில் குந்தியிருந்தேன். அவள் நீந்திவிட்டுத் துவாயைப் போர்த்திக்கொண்டு மேலே வந்தாள். ஜக்கெற் இல்லாமல் முதலில் எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. அவளுக்குத்தான் என்னைத் தெரிந்தது. கமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

வெயிலைப் பற்றியும் வாத்துகளைப் பற்றியும் கொஞ்சம் கதைத்தோம். அவள் போக எழும்பியபோது எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜனவரியில் நான் அவளுக்குப் பொய் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும் என்றேன்.

அவள் துவாயால் காதைத் துடைத்தாள். இந்த நாட்டு மொழியில் எல்லோருக்கும் எல்லோரும் நீதான், அவளும் அப்படித்தான் சொன்னாள்.

"எனக்குத் தெரியும். உன்னுடைய கமராவில் திகதி இருந்தது. செவ்வாய்க்கிழமைப் படங்களில் காலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை."

"ஏன் ஒன்றும் கேட்கவில்லை?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள். இந்த வேலை தொடங்கி நெடுநாளாகிறது, இன்னும் ஒவ்வொரு முறையும் இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு வாகனத்தின் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே இருப்பதாகச் சொன்னாள். அன்றைக்கு அப்படி இருக்க முடியவில்லை, நீ வந்து வாகனக் கதவடியிலேயே நின்றாய் என்றாள். பிறகு குளிர்கிறது என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள். நான் அவளுடைய பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று அங்கிருந்து எழும்பியபோது பாரம் முழுவதும் இறங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நாட்கள் அந்தப் பிராணிக்கு நோவான இரண்டு நாட்கள்தான், அதை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் அதைச் செய்தவள் நான் என்று தெரிந்துகொண்டும் ஒருத்தி பாறையில் பக்கத்தில் இருந்து வாத்துகளைப் பற்றிக் கதைத்தாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போது செப்டம்பர் முடிகிறது. போன வியாழக்கிழமை காலை அதே குடாவுக்குப் போனேன். நீர்க்காகங்கள் வடக்கேயிருந்து வந்து பாறைகளில் சிறகை விரித்துக் காயவைக்கும் காலம். பனிப்புகார் கடலை மூடிக்கொண்டிருந்தது. பத்து மீற்றருக்கு அப்பால் ஒன்றுமில்லை. எங்கேயோ ஒரு படகின் இயந்திரச் சத்தம் வந்து நின்றது. இரண்டு மணி நேரம் நின்றும் ஒரு படமும் எடுக்கவில்லை. விரல்கள் விறைத்துவிட்டன. பதினொரு மணிக்கு அக்கா அடித்தாள்.

"இண்டைக்கு என்ன நிக்குது?" என்று குசுகுசுத்தாள்.

"ஒண்டுமில்லை. ஒரே புகார்."

"அப்ப வீட்டை போவன்."

"கொஞ்சம் நிண்டிட்டுப் போறன்."

அவள் சரி என்றாள், ஆனால் வைக்கவில்லை. அவளுடைய சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. நானும் ஒன்றும் சொல்லாமல் போனைக் காதில் வைத்தபடி புகாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.